சீட்டுக் கொப்பி யார் கையில?

எங்க தோட்டத்தில் பத்தாம் திகதி சம்பளம். பதினோராம் திகதி காலையில், அந்தச் சம்பளத்தில் எவ்வளவு யாருக்குப் போகும் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். கடைப்பாக்கிக்கு ஒரு பங்கு. அடகுக் கடை வட்டிக்கு ஒரு பங்கு. கிழமைக்கு ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வருகிற குழுக்கடன்காரருக்கு ஒரு பங்கு. இதெல்லாம் கைக்கு வந்த பிறகு போகிற காசு. கைக்கு வருவதற்கு முன்பே செக்ரோலில் வெட்டியது வேறு இருக்கிறது: ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், சங்கத்துச் சந்தா, மாத நடுவில் வாங்கிய முற்பணம், தீபாவளி முற்பணத்தின் தவணை, கோயில் காசு.

இந்தப் பட்டியலில் சீட்டு மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. சேமலாப நிதியை நினைத்தவுடன் எடுக்க முடியாது. மற்றதெல்லாம் போனால் போனதுதான். சீட்டுக்குக் கட்டினது மட்டும் அந்த வருஷத்துக்குள்ளேயே, சிதறாமல், ஒரே கட்டாகத் திரும்பி வரும்.

என் வயசுப் பிள்ளைகளிடம் சீட்டைப் பற்றிக் கேட்டால் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, “அது அம்மாமாரோட வேலை.” இன்னொன்று, “சீட்டா? தூக்கிட்டு ஓடிருவாங்க.” எங்க பெரியம்மா இருபது வருஷத்துக்கு மேலாகச் சீட்டு பிடிக்கிறார். போன வருஷம் அவருக்குக் கண்ணில் புரை விழுந்து எழுத்து மங்கத் தொடங்கியது. “கொப்பியில கோடு தெரிய மாட்டேங்குது புள்ள. நீ எழுது. காச நான் எண்ணிக்கிறேன்” என்றார். 2024 நவம்பரில் தொடங்கி 2025 ஒக்டோபரில் முடிந்த சுற்று முழுக்க நான்தான் எழுதினேன். அதில் நான் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சீட்டு நம்பிக்கையில் ஓடுகிறது என்று எல்லாரும் சொல்வார்கள். பன்னிரண்டு மாதம் கணக்கெழுதிய பிறகு எனக்கு அது பாதி உண்மையாகத்தான் தெரிகிறது. சீட்டைத் தொடங்க நம்பிக்கை வேண்டும். அதை ஓட்டிக்கொண்டு போவதற்கு முதல் நாளே மூன்று விஷயம் முடிவாக வேண்டும்: எவ்வளவு, எந்த வரிசையில், ஒருவரால் கட்ட முடியாமல் போனால் என்ன. இந்த மூன்றையும் இருக்கிறவர்களில் ஆகக் கஷ்டப்பட்டவருடைய ஆக மோசமான மாதத்தை வைத்து முடிவு செய்தால் சீட்டு தப்பும். நல்லா உழைக்கிறவருடைய நல்ல மாதத்தை வைத்து முடிவு செய்தால் நடுவில் உடையும்.

முதலில் கணக்கு. பன்னிரண்டு சீட்டு, சீட்டுக்கு மாதம் 2,000 ரூபா. மாதம் 24,000 சேரும். ஒவ்வொரு மாதமும் ஒருவர் அந்த 24,000ஐ எடுப்பார். வருஷ முடிவில் ஒரு சீட்டுப் போட்டவர் 24,000 கட்டியிருப்பார், 24,000 எடுத்திருப்பார். ஒரு சதம் கூடாது, குறையாது.

“அப்ப இதுல என்ன லாபம்?” என்று கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிற என் தம்பி கேட்டான்.

லாபம் காசில் இல்லை, காலத்தில் இருக்கிறது. பன்னிரண்டு வீட்டுக்கும் கூரைத் தகரம் மாற்ற 24,000 தேவை என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக மாதம் 2,000 சேர்த்தால் பன்னிரண்டு வீட்டுக்கும் பன்னிரண்டாவது மாதம்தான் தகரம் வரும். அதுவரை பன்னிரண்டு வீடும் ஒழுகும். சீட்டில் முதல் மாதமே ஒரு வீட்டில் ஒழுக்கு நிற்கும். அடுத்த மாதம் இன்னொரு வீடு. சராசரியாகப் பார்த்தால் ஒரு வீடு ஆறரை மாதத்தில் தகரத்தைப் பார்த்துவிடும். கடைசி ஆள் மட்டும் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அவர் தனியாகச் சேர்த்திருந்தாலும் அவ்வளவு காலம்தான். ஆக, யாருக்கும் நட்டமில்லை, பதினொரு பேருக்கு நன்மை. 1993இல் திமொத்தி பெஸ்லி, ஸ்டீபன் கோட், கிளென் லவ்ரி என்ற மூன்று பொருளியலாளர்கள் ‘அமெரிக்கன் இகொனொமிக் ரிவியூ’ என்ற ஆய்விதழில் சமன்பாடுகள் போட்டு இதை விளக்கினார்கள். பெரியம்மா அதை விரல் விட்டே சொல்லிவிடுவார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. தனியாகச் சேர்த்தால் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். பத்தடிக் காம்பராவில் காசை எங்கே வைப்பது? அலுமாரியில் 2,000 இருக்கிறது என்று தெரிந்தால் கேட்பதற்கு ஆள் நிறைய. தம்பிக்கு பஸ் காசு, மாமாவுக்கு அவசரம், சம்பள நாளில் குடித்துவிட்டு வருகிறவருக்கு இன்னொரு போத்தல். “இல்ல” என்று சொன்னால் சண்டை வரும். “சீட்டுக்குக் கட்டணும்” என்று சொன்னால் எப்படிப்பட்ட புருஷனும் அதற்கு மேல் கேட்பதில்லை, ஏனென்றால் அது மற்றப் பதினொரு வீட்டுக் காசு. கென்யாவில் நைரோபி நகரத்தின் கிபேரா குடிசைப் பகுதியில் இதையே சிவன் ஆண்டர்சன், ஷோன் மரி பலாண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்டு 2002இல் எழுதினார்கள். அங்கே பெண்கள் சீட்டில் சேர்வதற்கு ஒரு முக்கியமான காரணம், வீட்டுக்குள்ளிருந்தே காசைக் காப்பாற்றுவது.

உலகம் முழுக்க இது உண்டு. கானாவில் சூசூ, மெக்சிகோவில் தாண்டா, இந்தோனேசியாவில் அரிசான், எத்தியோப்பியாவில் எக்குப். பக்கத்துச் சிங்கள ஊர்களிலும் பெயர் சீட்டுதான். 1962இல் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் என்ற மானிடவியலாளர் இந்தச் சுழல் சீட்டுகளைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். விவசாயச் சமூகம் வியாபாரச் சமூகமாக மாறுகிற வழியில் இது ஒரு நடுப்படி, வங்கிகளும் கூட்டுறவுகளும் வந்ததும் மறைந்துவிடும் என்பது அவர் எதிர்பார்ப்பு. இன்றைக்கு ஹட்டன் டவுனில் இறங்கினால் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் எத்தனை வங்கி, எத்தனை ஃபினான்ஸ் கம்பனி! ஆனாலும் சீட்டு மறையவில்லை. எங்க பக்கத்தில் ஏன் மறையவில்லை என்று புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்க மலையில் கடன் என்பது ஒரு தாளாகத்தான் வந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் கங்காணி கொடுத்த முற்பணமும் வழிச்செலவும் தோட்டத்தில் காலை வைக்கும்போதே கடனாக ஏறியிருந்தன. கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. போக வேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும். இன்னாருக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆளை விடுவிப்போம் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுக்கும் தாள் அது. புதுத் தோட்டம் அந்தக் காசைக் கட்டும், ஆள் மாறுவார், கடனும் அவர் கூடவே மாறும். 1921இல்தான் சட்டம் போட்டு இந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். இன்னொரு தாள் பத்துச்சீட்டு. அதைக் கையில் கொடுத்தால் வேலையும் போகும், லயத்துக் காம்பராவும் போகும். அந்தப் பெயரை எங்க தாத்தா காலத்து ஆட்கள் இன்றைக்கும் கொஞ்சம் தணிந்த குரலில்தான் சொல்வார்கள்.

1948இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, கையில் இருக்க வேண்டிய தாளே இல்லாமல் போனது. நாடற்றவர் என்றால் அடையாள அட்டை இல்லை, அது இல்லையென்றால் வங்கிக் கணக்கு இல்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் பெரியம்மாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அப்போது அவருக்கு நாற்பது வயது நெருங்கிவிட்டது. அதுவரை அவருடைய பெயர் எழுதிய ஒரே சேமிப்புப் புத்தகம் அவருடைய மாமியார் பிடித்த சீட்டுக் கொப்பிதான்.

துண்டையும் பத்துச்சீட்டையும் வேறு யாரோ எழுதினார்கள். சீட்டை நாங்களே எழுதுகிறோம். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்களைப் பற்றி எழுதப்பட்ட கணக்குகளில், எழுதுகிறவரைப் பார்த்து “அந்தப் பக்கத்தக் காட்டுங்க” என்று கேட்க முடிகிற ஒரே கணக்கு இது. கேட்டிருக்கிறார்கள். நானும் காட்டியிருக்கிறேன்.

இனி எங்க சீட்டை எப்படித் தொடங்கினோம் என்று சொல்கிறேன்.

முதல் நாள் தொகையில்தான் வாக்குவாதம். கொழும்பில் இருக்கிற ஒரு அண்ணன் ஃபோனில் சொன்னார்: “ஐயாயிரம் போடுவோம். அறுபதாயிரம் வரும். ரெண்டாயிரம் எல்லாம் இந்தக் காலத்துல ஒரு காசா?” சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரியம்மா யாரிடமும் “எவ்வளவு கட்டுவ?” என்று கேட்கவில்லை. “போன வருஷம் ஆகக் குறைஞ்ச சம்பளம் எந்த மாசம்? கையில எவ்வளவு வந்திச்சு?” என்று கேட்டார். சம்பளத் துண்டுகளை எடுத்துவரச் சொன்னார்.

2024 செப்டம்பரிலிருந்து நாள் சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அதை இருபத்தைந்தால் பெருக்கினால் நல்ல தொகை மாதிரித்தான் தெரியும். ஆனால் கொழுந்து குறைந்த மாதத்தில் இருபத்தைந்து நாள் வேலை கிடைப்பதில்லை. நிறை குறைந்தால் அந்த நாள் அரைப்பேர். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த நாளே இல்லை. ஒரு அக்காவின் துண்டில் ஒரு மாதம் எல்லாம் வெட்டுப்பட்டுக் கைக்கு வந்தது பதின்மூவாயிரத்துச் சொச்சம். பெரியம்மா அந்தத் துண்டைத் தனியாக எடுத்து வைத்தார். “இந்த மாசத்துலயும் இவ கட்டக்கூடியது எவ்வளவு?” அங்கே வந்ததுதான் 2,000.

அப்படியென்றால் கூடக் கட்ட முடிந்தவர்கள் என்ன செய்வது? கொழும்பு அண்ணன் இரண்டு சீட்டுப் போட்டார், மாதம் 4,000. இரண்டு முறை அவருக்கு வரும். ஒரு மாமியாரும் மருமகளும் சேர்ந்து ஒரே சீட்டு, ஆளுக்கு 1,000. அவர்களுக்கு வரும் மாதம் ஆளுக்குப் பாதி. மற்ற ஒன்பது பேருக்கு ஒவ்வொன்று. கடைசியில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு சீட்டு. ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. தொகையை உயர்த்தாமல் கையை மட்டும் கூட்டலாம், குறைக்கலாம். இது எனக்குப் புதிதாக இருந்தது.

அடுத்தது வரிசை. ஏலச் சீட்டு போடலாம் என்று ஒருவர் சொன்னார். ஏலச் சீட்டில் அவசரக்காரர் தள்ளுபடி கேட்டு எடுப்பார். 24,000ஐ 20,000க்கு எடுத்தால் மிச்சம் 4,000 எல்லாருக்கும் பிரியும், ஒரு சீட்டுக்கு 333 ரூபா சொச்சம். வியாபாரம் செய்கிறவர்களுக்கு அது சரியாக வரும். எடுத்த காசைப் போட்டு அதைவிடக் கூட உழைத்துவிடுவார்கள். லயத்தில் ஆக அவசரக்காரர் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், செத்த வீட்டுக்குச் செலவு செய்கிறவர். அவர் விட்டுக்கொடுத்த 4,000ஐ மற்றவர்கள் பிரித்து எடுப்பது பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “அதுக்கு வட்டிக் கடைக்கே போகலாமே” என்றார்.

குலுக்கலும் முழுசாக இல்லை. யாருக்கு எந்த மாதம், எதற்கு என்று ஒவ்வொருவரிடமும் கேட்டோம். ஜனவரி வேண்டும் என்று மூன்று பேர், பாடசாலைச் செலவு. அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் பெயர் எழுதிப் பால்மா டின்னில் போட்டு ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொன்னோம். மற்றதெல்லாம் பேசியே தீர்ந்தது.

முதல் முறை பெரியம்மாவுக்கு. அது வழமை. சீட்டுப் பிடிக்கிறவருக்குக் கூலி கிடையாது. முதலில் எடுப்பதுதான் கூலி, வட்டியில்லாமல் 24,000 கையில் கிடைப்பது போல. அதற்குப் பதிலாக யாராவது விட்டுவிட்டால் முதலில் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

கடைசி முறை யாருக்கு? இங்கேதான் பெரியம்மாவின் கெட்டித்தனம். எந்தச் சீட்டிலும் கடைசி ஆள்தான் பாவம். 2022இல் அதை எல்லாரும் பார்த்தோம். அந்த வருஷம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். வருஷத் தொடக்கத்தில் எடுத்தவரும் கடைசியில் எடுத்தவரும் ஒரே தொகையைத்தான் எடுத்தார்கள், ஆனால் மாவுக்கும் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அது ஒரே காசாக இருக்கவில்லை. கடைசி மூன்று பேர் கோபப்பட்டார்கள். அடுத்த சுற்றில் பெரியம்மா தன் முதல் முறையை விட்டுக்கொடுத்து அந்த மூன்று பேரையும் மேலே போட்டார். அன்றிலிருந்து எங்க சீட்டில் இரண்டு பழக்கம். கடைசியில் எடுத்தவருக்கு அடுத்த சுற்றில் முன்னுரிமை. இன்னொன்று, சுற்றைத் தீபாவளி முடிந்த கையோடு, நவம்பரில் தொடங்குவது. அப்போது கடைசி முறை அடுத்த தீபாவளிக்கு வந்து விழும். 2025இல் ஒக்டோபர் 20 தீபாவளி, பதினோராம் திகதி சீட்டு. அந்த மாதத்துக்கு ஒரு அத்தை தானாகவே கேட்டு நின்றார். “எனக்கு முன்னாடி குடுத்துராதீங்க. வந்தா செலவாயிரும். தீவாளிக்கு வந்தா போதும்.” ஆகக் கடைசியாக இருக்க வேண்டிய மாதம் எல்லாரும் விரும்புகிற மாதமாகிவிட்டது.

மூன்றாவது விஷயம் ஏப்ரலில் வந்தது.

மூன்றாம் லயத்து அக்கா டிசம்பரிலேயே சீட்டை எடுத்தவர். மகளுக்குத் தையல் மெஷின் வாங்கினார். ஏப்ரல் முதல் கிழமை மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது குளவிக் கூடு கலைந்து நான்கு பேரைக் கொட்டியது. மற்ற மூன்று பேரும் மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இந்த அக்காவுக்கு முகமும் கழுத்தும் வீங்கி, ஆஸ்பத்திரியில் இருந்து, வீட்டுக்கு வந்தும் மலை ஏற மூன்று கிழமை ஆனது. தோட்டத்திலிருந்து ஏதாவது கிடைக்குமா என்று தலைவரிடம் சொல்லி வைத்தோம். சீட்டு நாளுக்குள் ஒன்றும் வரவில்லை. மே பத்தாம் திகதி அவருக்குக் கிடைத்த சம்பளத்தில் கடைக்குக்கூடக் காணாது.

சீட்டுக்கு இதுதான் ஆபத்தான இடம். எடுக்காத ஒருவர் கட்ட முடியாமல் போனால் அவருடைய முறையில் கழித்துக்கொள்ளலாம். எடுத்த பிறகு ஒருவர் விழுந்தால், மற்றவர்களின் காசுதான் விழுகிறது. சீட்டுகள் உடைவது இங்கேதான்.

பதினோராம் திகதி விடியக்காலையில் அக்கா வந்தார். கையில் ஒரு சோடித் தோடு. “இத டவுன்ல வச்சு கட்டிருங்க பெரியம்மா. நான் பொறகு திருப்பிக்கிறேன்” என்றார். பெரியம்மா தோட்டை வாங்கவில்லை. ஆனால் “பரவாயில்ல, விடு” என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை, ஏனென்றால் அந்த மாதம் காசு ஒரு மாமாவுக்குப் போக வேண்டியது. குசினி கட்டச் சீமெந்துக்குச் சொல்லி வைத்திருந்தார். பெரியம்மா அக்காவையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். நானும் கொப்பியோடு போனேன்.

முதல் நாள் நாங்கள் எழுதி, எல்லாரும் கையெழுத்து வைத்த விதி இது: ஒருவரால் ஒரு மாதம் முடியாமல் போனால் அவர் சீட்டு நாளுக்கு முன்பே வந்து சொல்ல வேண்டும். சொன்னால், அந்த மாதம் எடுப்பவர் குறையோடு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அடுத்த இரண்டு மாதத்தில் வாங்கிக்கொள்வார். அந்த இரண்டு மாதத்திலும் தீராவிட்டால் பெரியம்மா கட்டுவார். சொல்லாமல் விட்டால் இந்தச் சலுகை இல்லை.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இருபத்திரெண்ட தாங்க. ரெண்டாயிரத்துக்கு நாலு மூட்ட சீமெந்தா வரப்போகுது? தங்கச்சி பேரு போட்டதுக்கு அப்புறம் தரட்டும்” என்றார். கொப்பியில் மே மாதத்துக் கட்டத்தில் சிவப்புப் பேனையால் 2,000 குறை என்று எழுதினேன். அக்கா ஜூனில் 3,000, ஜூலையில் 3,000 கட்டினார். இரண்டு முறையும் மேலதிக ஆயிரம் மாமாவுக்குப் போனது. சிவப்பை நீலத்தால் வெட்டினேன். தோடு அவர் காதிலேயே இருக்கிறது.

நான் இதை அழகான கதையாக்க விரும்பவில்லை. அக்கா விடியக்காலையில் தோட்டைக் கழற்றிக்கொண்டு வந்ததற்குக் காரணம் அன்பு மட்டும் இல்லை, வெட்கமும் பயமும்தான். கட்டாதவரைப் பற்றிப் பீலியடியில் பேச்சு வரும், கோயிலில் முகம் கொடுக்க முடியாது. சீட்டுக்கும் பல் இருக்கிறது. ஆனால் அதே மாதத்தில் அதே அக்காவின் குழுக்கடன் என்ன ஆனது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அங்கேயும் பெண்கள் சேர்ந்த குழு, அங்கேயும் ஒருவருக்கு ஒருவர் பிணை. ஆனால் காசு வெளியாருடையது. கிழமை தவறினால் அடுத்த கிழமைக்குத் தொகை கூடுகிறது. அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த கிழமையிலும் வசூலுக்கு வந்தவர், மற்றப் பெண்களை உட்கார வைத்து, “நீங்க சேந்து கட்டுங்க” என்றார். சீட்டில் தள்ளிப்போன 2,000, ஜூலையிலும் 2,000தான். கடனில் தள்ளிப்போனது வளர்ந்துகொண்டே இருந்தது.

இது எங்க லயத்துப் பிரச்சினை மட்டும் இல்லை. 2016இலேயே நுண்நிதிக்கென்று ஒரு சட்டம், 6ஆம் இலக்கச் சட்டம், வந்தது. ஆனாலும் 2021 மார்ச் 8ஆம் திகதி, பொலன்னறுவை மாவட்டத்தில் ஹிங்குராக்கொடையில், நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் தெருவோரத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கிப் பல வாரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சிங்களப் பெண்கள், நெல் வயல் ஊர். கிழமை வசூலின் சத்தம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

“தூக்கிட்டு ஓடிருவாங்க” என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். ஓடியிருக்கிறார்கள், உண்மை. அதனால்தான் அரசாங்கங்கள் சட்டம் போட்டன. இலங்கையில் 1935ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கச் சீட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் 1982இல் சிட் ஃபண்ட் சட்டம். கேரளாவில் மாநில அரசே 1969இலிருந்து கே.எஸ்.எஃப்.இ. என்ற நிறுவனத்தின் மூலம் சீட்டு நடத்துகிறது. எங்க லயத்துச் சீட்டு எதிலும் பதிவானது இல்லை. அதனால் பாதுகாப்பு முழுக்க நாங்கள் வைக்கிற வேலியில்தான் இருக்கிறது.

அந்த வேலிகள் பெரிய ரகசியம் இல்லை. சீட்டில் இருக்கிற எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்திருக்க வேண்டும். பிடிக்கிறவரை மட்டும் தெரிந்தால் அது சீட்டு இல்லை, அவருக்கு நீங்கள் கொடுத்த கடன். ஆள் எண்ணிக்கை பன்னிரண்டு, பதினைந்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு வருஷத்துக்குள் முடிய வேண்டும். காசு சேர்ந்த நாளே எடுப்பவர் கைக்குப் போய்விட வேண்டும், பிடிக்கிறவர் வீட்டில் ஒரு இரவுகூடத் தங்கக் கூடாது. கொப்பியில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்து அல்லது கைநாட்டு. பக்கத்தை மாதாமாதம் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். கொழும்பு அண்ணன் காசு அனுப்பிய ரசீதும் அங்கேயே வரும். ஃபோன் இல்லாதவர்களுக்குப் பெரியம்மா வாயால் சொல்வார்.

இன்னொன்று, ஆளைச் சேர்த்துவிட்டால் கொமிஷன், மூன்று மாதத்தில் இரட்டிப்பு என்று யாராவது சொன்னால் அது சீட்டே இல்லை. சீட்டில் ஆள் தொகை முதல் நாளே மூடிவிடும், போட்டதற்கு மேல் ஒரு சதமும் வராது. புது ஆள் வந்தால்தான் பழைய ஆளுக்குக் காசு என்றால் அது பிரமிட். அது இந்த நாட்டில் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் குற்றம். இப்போது ஃபோனுக்கு வருகிற ‘சீட்டு’ அழைப்புகளில் பல இந்த ரகம்தான்.

சீட்டு எங்க வறுமையைத் தீர்க்காது. 24,000 ரூபாவில் காணி வராது, வீடு வராது. பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் வேலை குறைந்தால், வரிசையை எப்படி மாற்றினாலும் காசு வராது. நாள் சம்பளத்தைப் பற்றிய பேச்சை சங்கத்திலும் தெருவிலும்தான் பேச வேண்டும். சீட்டைக் காட்டி “இவங்களே சமாளிச்சுக்கிறாங்க” என்று யாரும் தப்பிக்கக் கூடாது.

அதே நேரம், இந்தச் சமாளிப்பு யாருடைய உழைப்பு என்றும் கேட்க வேண்டும். பத்தாம் திகதி பின்னேரத்திலிருந்து பெரியம்மா மூன்று லயத்துக்கும் நடக்கிறார். பகலெல்லாம் மலையில் நின்ற காலோடு. யாருக்கு எப்போது கேட்டால் கோபம் வரும், யார் வீட்டில் புருஷன் இல்லாத நேரம் போக வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. கோயில் கமிட்டிக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர், ரசீதுப் புத்தகம், திருவிழாவில் மாலை எல்லாம் உண்டு. வருஷத்துக்கு 2,88,000 ரூபாவைச் சதம் பிசகாமல் சுற்றவைக்கிற பெண்ணுக்குப் பதவியின் பெயர்கூட இல்லை. உங்க லயத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அவருடைய கண் மங்குவதற்கு முன்னால் போய், கொப்பியைப் பார்த்து, கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் நவம்பர் பதினோராம் திகதி புதுச் சுற்று. பதினான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் கார்மெண்ட்ஸில் வேலை செய்கிற பிள்ளைகள். அவர்களிடமும் பெரியம்மா அதே கேள்வியைத்தான் கேட்டார்: “ஆகக் குறைஞ்ச சம்பளம் எந்த மாசம்?”

மூன்றாம் லயத்து அக்கா இந்த முறை ஜனவரி கேட்கிறார். போன முறை அவருக்குத் தவறியதால் கடைசியில் போடலாம் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். முன்பே வந்து சொன்னார், முழுசாகக் கட்டினார், அதனால் ஜனவரி கொடுக்கலாம் என்று மே மாதத்தில் குறையோடு எடுத்த அதே மாமா சொல்கிறார். பெரியம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஜனவரிக் கட்டத்தைப் பென்சிலால் போட்டு வைக்கச் சொன்னார்.